பேர்ல் ஹார்பரில் அரிசோனா நினைவிடம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹவாயின் ஓவாஹு தீவுக்குச் சுற்றுலா போகிற பலர், கடற்கரைக்கும் ஷாப்பிங்குக்கும் நடுவே பேர்ல் ஹார்பருக்கு ஓர் அரை நாள் ஒதுக்குகிறார்கள். அங்கே போய் யுஎஸ்எஸ் அரிசோனா நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்கிற இடங்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் அரிசோனா ஒரு கல்லறை. 1941 டிசம்பர் 7 காலையில் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரின் அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத் தாக்கியபோது அந்தப் போர்க்கப்பலில் இறந்த 1,177 பேரில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினாலே கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்காது. மற்ற பாதி டிக்கெட், பை, நேரம் சம்பந்தப்பட்டவை. அவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டிக்கெட், பை, நேரம்

நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் தேசியப் பூங்கா சேவை இதை நிர்வகிக்கிறது. கரையிலிருந்து நினைவிடத்துக்குப் படகு ஓட்டுகிறவர்கள் கடற்படையினர். ரெக்ரியேஷன்.காவ் தளத்தில் முன்பதிவு செய்தால் தலைக்கு 1 டாலர் சேவைக் கட்டணம், அவ்வளவுதான். டிக்கெட்டுகளை இரண்டு தவணையாக விடுகிறார்கள்: ஒரு பகுதி 8 வாரத்துக்கு முன், இன்னொரு பகுதி போகும் நாளுக்கு முந்தைய நாள். இரண்டுமே ஹவாய் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு. இது தெரியாமல், தீவில் இறங்கிய பிறகு தளத்தைத் திறந்து, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். எட்டு வாரத் தவணையைத் தவறவிட்டவர்கள் முந்தைய நாள் 3 மணிக்குக் கைப்பேசியோடு தயாராக உட்காரலாம். அதுவும் கிடைக்காவிட்டால், நேரில் போய்க் காத்திருப்போர் வரிசையில் நின்று பார்க்கலாம்.

தனியார் டூர் எடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வண்டி வசதி கிடைக்கும். வழிநெடுகக் கதை சொல்ல ஆள் இருக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நினைவிடத்துக்குப் போகும் படகு டிக்கெட் இதில் அடக்கமா, உறுதியா? ‘பேர்ல் ஹார்பர் டூர்’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டினால், கரையில் நின்று தூரத்து வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

கைப்பை, தோள்பை, இடுப்புப்பை, கேமரா பை என்று எதையும் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாத எந்தப் பையும் கூடாது என்பதுதான் விதி. நுழைவாயிலுக்கு வெளியே கட்டணம் கட்டிப் பையை வைத்துவிட்டுப் போக வசதி உண்டு. ஆனால் அந்த வரிசையில் போகிற நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. படகு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு வந்துவிடுங்கள். நீச்சல் உடையோடும் வராதீர்கள். கடற்கரையிலிருந்து அப்படியே வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காற்று பலமாக வீசினால் படகு நினைவிடத்தில் நிற்காது. சில நாள் பயணத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அருங்காட்சியகத்தைத் தவிர்ப்பது

என்னைக் கேட்டால், இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். படகுப் பயணத்தையும் சேர்த்து நிகழ்ச்சி மொத்தமே 45 நிமிடம்தான். அதில் நினைவிடத்தில் கால்வைத்து நிற்பது கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் கண்ணில் படுவது நீருக்கடியில் மங்கலாகத் தெரியும் துருப்பிடித்த இரும்பும், ஒரு பளிங்குச் சுவர் நிறையப் பெயர்களும். எதுவும் தெரியாமல் போய் நின்றால் அவை வெறும் இரும்பும் வெறும் பெயர்களும்தான்.

கரையில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் இரண்டு அருங்காட்சியக அரங்குகள் உண்டு. போருக்கு இட்டுச்சென்ற வருடங்களைப் பற்றியது ஒன்று, தாக்குதல் நாளைப் பற்றியது மற்றொன்று. இரண்டுமே இலவசம். படகுக்கு முன்பே இவற்றைப் பார்த்துவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், பசியும் வெயிலும் சேர்ந்துகொள்ள, பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

அங்கே என்ன தெரிந்துகொள்ளலாம்? தாக்குதல் தொடங்கியது காலை 8 மணிக்குச் சற்று முன். ஜப்பானின் ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலைகளாக 350-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. அரிசோனாவின் முன்பகுதியில் விழுந்த ஒரு குண்டு, சுமார் 800 கிலோ எடை, தளங்களைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. நெருப்போ இரண்டு நாளுக்கு மேல் எரிந்தது. அன்றைய தாக்குதலில் இறந்த அமெரிக்கர்கள் 2,403 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த ஒரே கப்பலில் இருந்தவர்கள்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். அரிசோனாவில் கூடப்பிறந்தவர்களாகச் சேர்ந்து வேலை பார்த்த குடும்பங்கள் 37. அவற்றில் 23 குடும்பங்கள் அந்தக் கப்பலில் இருந்த அண்ணன் தம்பிகள் எல்லோரையும் அன்று இழந்தன. ஒரு தகப்பனும் மகனும் கூட ஒரே கப்பலில் இறந்தார்கள். கப்பலின் இசைக்குழுவில் 21 பேர். கொடியேற்றத்துக்காக மேல்தளத்தில் நின்றிருந்தவர்கள், தாக்குதல் தொடங்கியதும் வெடிமருந்து எடுத்துக் கொடுக்கும் தங்கள் இடங்களுக்குக் கீழே ஓடினார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. இவற்றைத் தெரிந்துகொண்டு பளிங்குச் சுவர் முன் நிற்கிறவர், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைத் தானாகவே கவனிப்பார். நேரம் குறைவு என்றால், யாராவது ஒருவரைப் பற்றியாவது கரையில் படித்துவிட்டு அவர் பெயரைச் சுவரில் தேடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேட்டதை எல்லாம் நம்பிவிடுவது

நினைவிடங்களைச் சுற்றிக் கதைகள் வளரும். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. கேட்க உருக்கமாக இருப்பதால் சொல்கிறார்கள். ஆனால் நடந்ததே போதுமான அளவு கனமாக இருக்கும்போது புனைவு எதற்கு?

‘அரிசோனா இன்றும் பணியில் உள்ள போர்க்கப்பல்’ என்பது அதிகம் கேட்கிற கதை. 1941 டிசம்பர் கடைசியிலேயே அதைப் பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள்; அடுத்த ஆண்டு டிசம்பரில் கடற்படைப் பதிவேட்டிலிருந்தும் நீக்கினார்கள். கொடி பறக்கிறதே என்றால், 1950 மார்ச்சில் அட்மிரல் ஆர்தர் ராட்ஃபோர்ட் தினமும் அங்கே கொடியேற்ற உத்தரவிட்டார். அது இறந்தவர்களுக்கான மரியாதை.

இன்னொரு கதை எண்ணெயைப் பற்றியது. தாக்குதலுக்கு முதல் நாள்தான் அரிசோனாவில் ஏறத்தாழ 15 லட்சம் காலன் எரிபொருள் நிரப்பியிருந்தார்கள். அதில் சுமார் 5 லட்சம் காலன் இன்னும் உள்ளே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அது சொட்டுச் சொட்டாக மேலே வந்து வானவில் நிறத்தில் படர்கிறது. கடைசியாக உயிரோடு இருக்கும் மாலுமி மறையும் நாளில் கசிவு நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரிசோனாவில் உயிர் தப்பியவர்களில் கடைசியாக இருந்த லூ கான்டர் 2024 ஏப்ரலில் 102 வயதில் காலமானார். எண்ணெய் நிற்கவில்லை.

கட்டடம் கப்பலின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பதும் தவறு. அது கப்பலுக்குக் குறுக்கே, தனக்கென்று நட்ட தூண்களின் மேல் நிற்கிறது. கப்பலைத் தொடுவதே இல்லை. நீளம் 184 அடி. கீழே கிடக்கும் கப்பலின் நீளமோ 608 அடி. ஆகவே முழுக் கப்பலும் தெரியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீருக்கு மேலே துருவேறி நிற்கும் பெரிய வட்டம், மூன்றாவது பீரங்கி மேடையின் அடிப்பாகம். அதை அடையாளம் வைத்துக்கொண்டால் கப்பலின் மற்ற பகுதிகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று ஊகிக்கலாம்.

வழிகாட்டிகள் அதிகம் சொல்லாத, ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் கட்டடக் கலைஞரைப் பற்றியது. ஆல்ஃபிரட் பிரைஸ் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி ஹவாய் வந்தவர். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், எதிரி நாட்டுக்காரர் என்று அவரையே பிடித்து சாண்ட் ஐலண்ட் முகாமில் அடைத்தார்கள். பின்னாளில் அதே தாக்குதலின் நினைவிடத்தை வடிவமைத்தவர் அவர்தான்; 1962-ல் அது திறக்கப்பட்டது. நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் உயரும் அந்த வடிவம், தொடக்கத்தில் கண்ட தோல்வியையும் முடிவில் வந்த வெற்றியையும் குறிப்பதாக அவர் விளக்கினார். சோகத்தை வலிந்து திணிக்காமல், வருகிறவர் தன் உணர்வைத் தானே கண்டுகொள்ளட்டும் என்று விட்டதாகவும் சொன்னார்.

நினைவிடத்தில் நடந்துகொள்ளும் விதம்

படம் எடுக்கத் தடை இல்லை. ஆனால் பெயர்ச் சுவருக்கு முதுகைக் காட்டி, விரலை விரித்துச் சிரித்து செல்ஃபி எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் நிற்பவர் அந்தச் சுவரில் உள்ள ஒருவரின் பேத்தியாக இருக்கலாம். கைப்பேசியை ஒலியில்லாமல் வையுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், வீடியோ காலில் ஊருக்குக் காட்டுவதைக் கரைக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நாணயம், மாலை என்று எதையும் போடக் கூடாது. நாணயம் போடுவது வழக்கமான நீரூற்று இல்லை இது. மாலையின் நூல் கடல் உயிர்களைச் சிக்கவைக்கும்.

பலரும் பெரிய சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே இன்னொரு சிறிய பெயர் வரிசை இருக்கிறது. அன்று உயிர் தப்பி, நெடுநாள் வாழ்ந்து, இறந்த பிறகு தங்கள் அஸ்தியைத் தோழர்களோடு சேர்த்து வைக்கச் சொன்னவர்கள் அவர்கள். 1982 முதல் 40-க்கும் மேற்பட்டவர்களின் அஸ்திக் கலசங்களை முக்குளிப்பவர்கள் எடுத்துச் சென்று கப்பலின் நான்காவது பீரங்கி மேடைக்குள் வைத்திருக்கிறார்கள். மனைவி மக்களோடு வாழ்ந்து, முதுமை கண்டு, கடைசியில் இங்கே திரும்ப வர அவர்கள் ஏன் விரும்பினார்கள்? இந்த வரிசை முன் இரண்டு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் வாயையும் காக்க வேண்டும். இங்கே ஜப்பானியர்களும் நிறைய வருகிறார்கள். 2016 டிசம்பரில் அன்றைய ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே, அதிபர் ஒபாமாவோடு இங்கே வந்து மலர் வைத்தார். உயிர் தப்பிய அமெரிக்க மாலுமிகளில் சிலர், தங்களைத் தாக்கிய விமானிகளோடு பின்னாளில் நண்பர்களாகவே ஆனார்கள். பக்கத்தில் நிற்பவரைக் காட்டி ‘இவங்க ஆளுங்கதானே போட்டது’ என்று சொல்லத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். தமிழில் சொன்னால் புரியாது என்ற தைரியம் வேண்டாம். நம் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அரிசோனாவோடு முடித்துக்கொள்வது

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதும் தவறு, அரிசோனாவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் தவறு. அரிசோனாவுக்குப் பிறகு மிசூரி போர்க்கப்பல், இரண்டும் சேர்ந்தால் ஒரு நாளுக்குப் போதும். 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது மிசூரியின் மேல்தளத்தில்தான். இப்போது அதன் முகப்பு அரிசோனாவைப் பார்த்தபடி நிற்கிறது. அமெரிக்காவுக்குப் போர் தொடங்கிய இடத்தை முதலில் பார்த்துவிட்டு, அது முடிந்த இடத்துக்கு வருவதுதான் சரியான வரிசை. மிசூரிக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது இருக்கும் ஃபோர்ட் ஐலண்ட் இன்றும் ராணுவத் தளம் என்பதால் சொந்த வண்டியில் போக முடியாது. பார்வையாளர் மையத்திலிருந்து ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

அதே தீவின் மறுபக்கத்தில், அன்றைய தாக்குதலில் மூழ்கிய யூட்டா கப்பல் கிடக்கிறது. அதில் 58 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய மாலுமி ஒருவர், பிறந்து சில நாளிலேயே இறந்துபோன தன் பெண் குழந்தையின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக அந்தக் கப்பலில் வைத்திருந்தார். அது இன்றும் உள்ளேயே இருக்கிறது. ராணுவ அடையாள அட்டை வைத்திருப்பவர் யாராவது கூட வந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். அப்படிப்பட்ட நண்பர் உங்களுக்கு இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

அதே தாக்குதலில் மூழ்கிய ஓக்லஹோமா கப்பலின் நினைவிடத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்தக் கப்பலில் இறந்தவர்கள் 429 பேர். ஆளுக்கொன்றாக 429 வெள்ளைப் பளிங்குத் தூண்களை மிசூரிக்குப் பக்கத்திலேயே நட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. மிசூரியின் நுழைவாயிலைப் பார்த்து நேராக நடக்கிற கூட்டம் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் அங்கே போங்கள். பத்து நிமிடம் போதும், மிசூரி காத்திருக்கும்.