வயர் அறுந்தாலும் ஃபேன் சுழல வேண்டும்

சொந்தமாகக் கார் கட்டும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, ரேடியேட்டர் ஃபேன் எத்தனை டிகிரியில ஓடணும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரின் வயர் கழன்றால் உன் ஃபேன் ஓடுமா, நிற்குமா?" அதற்குப் பதில் தெரிந்தால் போதும், டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என்னுடையது கோலாலம்பூர் செந்தூல் வீட்டுப் போர்ச்சில் கட்டிய இரண்டு இருக்கை வண்டி. சதுரக் குழாய்ச் சட்டம், கெப்போங் பக்கம் ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் கடை) எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ இஞ்சின், 12 அங்குல ஃபேன். செப்பாங் ரேஸ் ட்ராக்குக்காகவே கட்டினேன். ட்ராக்கில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்கு வேலை இல்லை. சுற்றுகளை முடித்துப் பிட்டுக்குள் வந்து வரிசையில் நிற்கும்போதுதான் சோதனை. இஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும், காற்றோட்டம் நின்றுவிடும், வெளியே வெயில் 33 டிகிரி. ஜாலான் ஈப்போ மாலை ஜாமில் நிற்கும் காருக்கும் இதே கதைதான்.

பழைய முறையில் சூட்டுக்கு வேலை செய்யும் ஒரு ஸ்விட்சும், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலேவும் இருக்கும். ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இந்த அளவு ஃபேன் ஓடும்போது 15 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வண்டி நின்றபடி இஞ்சின் ஓடும் ஐட்லிங்கில், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. வோல்டேஜ் விழும், இஞ்சின் சுற்று தடுமாறும். தண்ணீர்ச் சூடும் ஏறி ஏறி இறங்கும். மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் போட்டால் ஃபேன் மெதுவாகக் கிளம்பும், தேவைக்கேற்ற வேகத்தில் ஓடும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் அதற்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். மெதுவாக நிறைய நேரம் ஓட்டுவதில் உள்ள லாபம் இதுதான்.

ஆனால் பழையதைக் கழற்றி எறிவதற்கு முன்னால் அதை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். அந்தக் காலத்து டொயோட்டா ஃபேன் ஸ்விட்ச், குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், சூடானால் திறக்கும். 83 டிகிரிக்குக் கீழே மூடியும் 93க்கு மேலே திறந்தும் இருக்க வேண்டும். ஸ்விட்ச் மூடியிருக்கும்வரை ரிலே காயிலில் மின்சாரம் ஓடி ஃபேனை நிறுத்தி வைக்கும். ஸ்விட்ச் திறந்தால் ரிலே விட்டுவிடும், ஃபேன் ஓடும். வயர் அறுந்தாலும், பிளக் கழன்றாலும், காயில் எரிந்தாலும் ஃபேன் ஓடும். சும்மா ஓடினாலும் இஞ்சினுக்குக் கெடுதல் இல்லை, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதை வரைந்த இன்ஜினியர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

புதுக் கண்ட்ரோலரின் சென்சார் இதற்கு நேர் எதிர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் அளவில்லாமல் ஏறிவிடும், சாதாரணக் கண்ட்ரோலர் அதைப் பனிக்கட்டிக் குளிர் என்று எடுத்துக்கொண்டு ஃபேனை நிறுத்திவிடும். ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: சென்சார் அறுந்தால் ஃபேனை முழு வேகத்தில் போடுமா? போடாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். போடும் என்றாலும் பழைய ஸ்விட்சைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெட்டியே செத்துப் போகலாம்.

வயரிங்குக்கு வருவோம். பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. அங்கிருந்து சாவியோடு இயங்கும் மெயின் ரிலே, அதிலிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ், கண்ட்ரோலர் வழியாக எர்த்துக்குப் போகும். எர்த் பக்கத்தை வெட்டி ஒட்டும் வகைக் கண்ட்ரோலர்தான் இதற்குத் தோது. ஃபேனுக்குக் குறுக்கே, அதன் மின்சாரத்தைத் தாங்கும் ஷாட்கி டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) இருக்க வேண்டும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். பல பெட்டிகளில் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் புடு ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

பழைய ஸ்விட்சோடு சேர்ந்து வேலை செய்யும் காவல் ரிலே, ஐந்து கால் ரிலே. 30ஆம் காலை எர்த்துக்கும், 87ஏ காலை ஃபேன் நெகட்டிவுக்கும் கொடுங்கள். 86க்குச் சாவி மின்சாரம், 85இலிருந்து பழைய ஸ்விட்சுக்கு ஒரு வயர். ரிலே விட்டுவிட்டால் கண்ட்ரோலரைத் தாண்டி ஃபேன் நேராக எர்த்தைப் பிடிக்கும். 87ஏ காலின் தாங்குதிறன் 87ஐவிடக் குறைவு, 40/30 என்று ரிலே மேலேயே அச்சடித்திருக்கும், சின்ன எண் அதற்குரியது. மெயின் ரிலேயைச் சாவியோடு சேர்க்கச் சொன்னதற்கும் காரணம் இந்தக் காவல் ரிலேதான். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடி, விடியும்போது பேட்டரி காலியாகியிருக்கும்.

சென்சாரை இஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும் இடத்தில் வையுங்கள். ஹோஸுக்கு நடுவே அடாப்டர் போட்டு வைக்கிறீர்கள், சென்சாரும் ஒற்றை வயர் என்றால், அந்த அடாப்டருக்குத் தனி எர்த் வயர் வேண்டும், ரப்பரில் மின்சாரம் ஓடாது. பழைய ஸ்விட்சை ரேடியேட்டரின் குளிர்ந்த பக்கத்தில் பொருத்துங்கள். அங்கே தண்ணீர் எப்போதும் சில டிகிரி குறைவாகவே இருப்பதால், முதல் ஏற்பாடு கைவிட்டால் மட்டுமே 93ஐத் தொடும். ரேடியேட்டரை ரப்பர் புஷ்ஷில் உட்காரவைத்திருந்தால் அதற்கும் எர்த் கொடுங்கள். கொடுக்க மறந்தால் ஃபேன் ஓயாமல் ஓடி உங்களுக்கே சொல்லிவிடும்.

சரி, டிகிரி. என் தெர்மோஸ்டாட் 82. ஃபேன் 86இல் மெதுவாகத் தொடங்கி 96இல் முழு வேகம் எடுக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே தொடக்கத்தை வைத்தால் ஃபேன் வீணாக ஓடிக்கொண்டே இருக்கும். 96 அதிகம் என்று பயப்பட வேண்டாம், 0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும்.

மாட்டுவதற்கு முன் பழைய ஸ்விட்சின் நுனியை அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டரும் வைத்து எங்கே திறக்கிறது என்று பாருங்கள். முப்பது வருஷத்து ஸ்விட்சை நம்பிப் போடக்கூடாது. மாட்டிய பிறகு ஒரு டிஷ்யூ தாளை ரேடியேட்டர் முன்னால் பிடியுங்கள். ஃபேன் இஞ்சின் பக்கம் இருந்தால் தாள் ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். பறந்து விலகினால் ஃபேன் வயர் மாறியிருக்கிறது. அப்புறம் இஞ்சின் ஓடும்போதே சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள், மாட்டுங்கள். பழைய ஸ்விட்ச் வயரைக் கழற்றுங்கள், மாட்டுங்கள். கண்ட்ரோலரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் வயரை மறுபடி கழற்றுங்கள். மூன்றிலும் ஃபேன் முழு வேகத்தில் சுழல வேண்டும்.

கடைசியாக, முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் வோல்டேஜ் அளந்து, ஃபேன் பிளக்கிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிது, அல்லது எர்த் பெயின்ட்மேல் உட்கார்ந்திருக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், எர்த் போல்ட் வரும் இடத்தில் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.