நெஞ்சு கரிக்குதா, மேடு ஏறும்போது மட்டும் கரிக்குதா?

கோத்தகிரியில் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஏழரைக்கே சாப்பாடு முடிந்துவிடும், எட்டு மணிக்கெல்லாம் கம்பளிக்குள். நடுராத்திரி தொண்டை வரைக்கும் புளிப்பாக ஏதோ ஏறிவந்து எழுப்பிவிடும், கூடவே வறட்டு இருமல். குளிருக்கு வரும் இருமல்தானே என்று இரண்டு மாதம் கஷாயம் குடித்தேன், வந்தது வயிற்றிலிருந்து.

இரைப்பையின் மேல்வாய் தளர்ந்து, அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதுதான் நெஞ்செரிச்சல். நடுமார்பு எலும்புக்குப் பின்னால் தொடங்கி தொண்டையை நோக்கி எரியும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வரும், குனிந்தாலோ படுத்தாலோ கூடும். புளித்த ஏப்பம், காலையில் குரல் கம்மல் எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

எப்போதாவது வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குச் செங்கல் வையுங்கள், தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கி அழுந்தும். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். வெறும் வயிற்றில் கடுங்காப்பியோ டீயோ குடித்துவிட்டு மேலே நாலு வர்க்கி வைப்பதை என்னால் முழுசாக விட முடியவில்லை, இரண்டாகக் குறைத்திருக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்தால், இரண்டு மூன்று வாரமாகியும் அடங்காவிட்டால், டாக்டரைப் பாருங்கள். கடையில் மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். விழுங்கும்போது சோறு நெஞ்சில் சிக்கினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ தள்ளிப்போட வேண்டாம். காபித்தூள் மாதிரி வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம் என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. (இரும்புச்சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும், சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

இனி நம்ம ஊருக்கே உரிய சங்கதி. பக்கத்து வீட்டு மாமா பஜாரிலிருந்து காய்கறிப் பையோடு மேடு ஏறும்போது பாதியில் தடுப்புச் சுவரைப் பிடித்து நிற்பார், "வாயு தம்பி, நெஞ்சு கரிக்குது" என்பார், நின்றால் குறையும், மறுபடி ஏறினால் வரும். சோடா குடித்தே பல நாள் ஓட்டினார். கடைசியில் பார்த்தால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு. நடந்தால் வந்து நின்றால் அடங்குகிற எரிச்சலை வயிற்றின் கணக்கில் எழுதாதீர்கள், அந்த வாரமே இதயத்தைக் காட்டுங்கள்.

சும்மா இருக்கும்போதே நெஞ்சை அழுத்தினாலோ, இடது கை, தாடை, முதுகுக்கு வலி பரவினாலோ, இந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், வலி வந்தவரையே வண்டி ஓட்ட விடாதீர்கள். பனிமூட்டத்தில் மலைப்பாதைக்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். சுகர் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் வெறும் எரிச்சல், அசதி, குமட்டலாகக்கூட மாரடைப்பு வரும்.

முதல் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றதும் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கணும் என்றால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருங்கள்.