எல்லாச் சந்தேகமும் டவுட் இல்லை

"சார், ஒரு டவுட்" என்று ஒருமுறையாவது கை தூக்காமல் நம்மூரில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிசைன்" என்றேன். ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்து எந்தத் திரை வரும் என்பதுதான் நான் கேட்க வந்தது. அவரோ முகம் இறுகி, அந்த டிசைன் ஏன் சரியானது என்று பத்து நிமிஷம் வாதாடினார். "உங்க டிசைன் தேறும்னு எனக்குத் தோணலை" என்று நான் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது.

சந்தேகம் என்ற ஒரே சொல்லிடம் நாம் மூன்று வேலை வாங்குகிறோம். பாடம் புரியாவிட்டால் சந்தேகம். ஒருவர் சொல்வதை நம்ப முடியாவிட்டால் சந்தேகம். வண்டி காணாமல் போனால் யார் மேலாவது சந்தேகம். ஆங்கிலத்தில் டவுட் இரண்டாவதற்கு மட்டும்தான் பொருந்தும்.

படி 1: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?

அப்படியென்றால் "ஐ ஹேவ் எ கொஸ்டின்". அவ்வளவுதான். வகுப்பில், கோச்சிங் சென்டரில், நம்மாட்களுக்குள் டவுட் என்றே சொல்லிக்கொள்ளலாம். இந்தியா முழுக்கப் புரியும். வெளிநாட்டு மேலாளருக்கு மெயில் எழுதும்போது மட்டும் கவனம்.

படி 2: "நம்பிக்கையில்லை" என்று மாற்றிப் பாருங்கள்

"அவன் பத்து மணிக்கு வருவது சந்தேகம்தான்." இதை "வருவான் என்ற நம்பிக்கையில்லை" என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை. அதனால் டவுட் சரி: "ஐ டவுட் ஹீ வில் கம் அட் டென்." இதில் நாட் சேர்க்கக் கூடாது. இல்லை என்கிற அர்த்தம் டவுட்டுக்குள்ளேயே இருக்கிறது. யாராவது ஏதாவது சொல்லி, அது நடக்காது என்று உங்களுக்குத் தோன்றினால் "ஐ டவுட் இட்" போதும்.

படி 3: "ஓ" வருகிறதா?

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். வீட்டு வாசலில் வைத்த சைக்கிளைக் காணோம். "பக்கத்து வீட்டுப் பையன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்" என்கிறீர்கள். இதை "ஐ டவுட் ஹீ டுக் இட்" என்று சொன்னால், அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நீங்களே அவனுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும்! சொல்ல வேண்டியது "ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்."

எடுத்திருப்பானோ, வருமோ, இருக்குமோ என்று "ஓ" போட்டால், அப்படித்தான் இருக்கும் என்ற பக்கம் மனசு சாய்ந்திருக்கிறது, அது சஸ்பெக்ட். "மழை வருமோ என்று சந்தேகம்" என்றால் துணியை எடுத்து உள்ளே போடுவோம். "மழை வருவது சந்தேகம்" என்றால் துணி கொடியிலேயே இருக்கட்டும். முதலாவது சஸ்பெக்ட், இரண்டாவது டவுட். தமிழிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை.

செய்தித்தாளிலும் இதைப் பார்க்கலாம். "சந்தேகத்தின் பேரில் கைது" என்று ஒருநாள் வரும். அது சஸ்பிஷன், செய்திருப்பாரோ என்பது. பல வருஷம் கழித்து "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று அதே ஆளைப் பற்றி வரும். அது டவுட், இவர்தான் செய்தார் என்று உறுதியாக நம்ப முடியவில்லை என்பது. ஒரே சந்தேகம்தான், உள்ளே தள்ளியதும் அதுதான், வெளியே விட்டதும் அதுதான். கிரிக்கெட்டில் ரன் அவுட்டா இல்லையா என்று துல்லியமாகத் தெரியாதபோது பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் "பெனிஃபிட் ஆஃப் த டவுட்" இதே விடுதலைதான்.

படி 4: எழுதும்போது ஒரு "பி"

டவுட்டின் உச்சரிப்பில் இல்லாத இந்த எழுத்து எழுத்துக்கூட்டலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லில் "பி" கிடையாது. மூலச் சொல் லத்தீனின் துபிதாரே என்பதால், படித்தவர்கள் பிற்காலத்தில் அதைப் பார்த்து உள்ளே செருகிவிட்டார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லுக்கும் இதே கதி. துபிதாரேக்குப் பின்னால் இருப்பது இரண்டு என்ற எண். நாம் "ரெண்டு மனசா இருக்கு" என்கிறோமே, அதே நிலை.

சரி, இப்போது நீங்கள் செய்து பாருங்கள்: "பால் திரிந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது." டவுட்டா, சஸ்பெக்ட்டா?