சீனிப் பைக்கற்றில் எழுதும் திகதி: நலவாழ்வுப் பழக்கங்களைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தைப்பொங்கலன்றோ சித்திரை வருடப்பிறப்பன்றோ நடை, உணவு, உறக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தொடங்குபவர்கள், இரண்டாவது கிழமையிலேயே களைத்துப்போய்ப் பழைய நிலைக்குத் திரும்புவதை என் வீட்டிலும் அயலிலும் பலமுறை கண்டிருக்கிறேன். சென்ற வருடம் என் குருதிச் சீனியின் அளவு வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம் என்று வந்தது. 126ஐ எட்டினால் நீரிழிவாக இருக்கக்கூடும். 100க்குக் கீழ் இருந்தால் சாதாரணம். இரண்டுக்கும் நடுவே நின்றதால் எனக்கு அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன். இதற்குப் பேனை ஒன்று, தேநீர்க் கரண்டி ஒன்று, நூல் ஒன்று போதும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுப்பவர்கள், உணவின் அளவை மாற்றுவதற்கு முன்னர் தமது வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து அதே அளவில் இருக்க உணவு மட்டும் குறைந்தால், குருதிச் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும்.

முதலாம் படி: வீட்டுச் சீனியை அளந்து பாருங்கள்

அடுத்த முறை ஒரு கிலோகிராம் சீனிப் பைக்கற்றை உடைக்கும்போது அதன் மேல் அன்றைய திகதியை எழுதுங்கள். சீனியைப் போத்தலில் கொட்டி வைப்பவர்கள், மூடியில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி அதில் எழுதலாம். முடிந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முதல் முறையில் எதையும் குறைக்க வேண்டாம். உங்கள் வீட்டின் உண்மையான அளவு தெரிந்தால்தான் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது தெரியும்.

வளர்ந்த ஒருவர் உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக்கூடாது என்றும், 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலிருந்து கொள்ளலாம். 25 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால், நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோகிராம் சீனி 10 நாட்களுக்கு வர வேண்டும்; ஐவர் என்றால் 8 நாட்களுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் ஐவர். வியாழக்கிழமை காலையில் உடைத்த பைக்கற் திங்கட்கிழமை இரவுத் தேநீருடன் முடிந்துவிட்டது. பலகாரம் எதுவும் சுடாத, விருந்தினர் எவரும் வராத கிழமை அது. கடையில் வாங்கிய பிஸ்கட்டும் சோடாவும் இந்தக் கணக்கில் சேராமலே ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் சீனி உள்ளே போயிருக்கிறது.

சோடாவைத் தனியே பாருங்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடப்படுகின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் என்று எழுதியிருந்தால், 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடிப்பவர் 44 கிராம் சீனியைக் குடிக்கிறார்.

இரண்டாம் படி: தேநீர்க் கரண்டியை மட்டமாக்குங்கள்

எங்கள் வீட்டில் தேநீர் ஊற்றுபவர் அம்மா. அவர் சீனிப் போத்தலுக்குள் கரண்டியை அமிழ்த்தி எடுத்தபோது, விளிம்புக்கு மேலே சீனி குவியலாக நின்றது. அதைத் தட்டாமல் அப்படியே கோப்பைக்குள் சரித்தார். அடுத்த கரண்டியை வாங்கி விரலால் வழித்துப் பார்த்தேன். வழித்து விழுந்த சீனி இன்னொரு கரண்டியை ஏறக்குறைய நிரப்பியது. மட்டமான தேநீர்க் கரண்டி ஒன்றில் ஏறத்தாழ 4 கிராம் சீனி இருக்கும். ஆகவே நாங்கள் கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று நினைத்துக் குடித்தது உண்மையில் நான்கு கரண்டிக்குக் கிட்டவாக இருந்தது.

முதற் கிழமையில் கரண்டியின் எண்ணிக்கையை மாற்றாமல், விரலால் வழித்து மட்டமாக்கி மட்டும் போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு பழகுவதற்குச் சில நாட்கள் எடுக்கும். ஒரேயடியாக நிறுத்தியவர்களைவிட இப்படி மெல்ல இறங்கியவர்களே எங்கள் வீட்டில் நிலைத்தார்கள். சீனிக்குப் பதிலாகச் சர்க்கரையையோ பனங்கட்டியையோ கடித்துக்கொண்டு குடித்தால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். குருதிச் சீனியை அவையும் உயர்த்துகின்றன. அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

பிறர் வீட்டுத் தேநீர்தான் கடினமானது. நம் பக்கத்தில் தேநீரை மறுத்தால் வீட்டாரின் மனம் நோகும். ஊற்றிக் கொண்டுவந்த பின்னர் சொன்னாலும் பயனில்லை. கேத்திலை அடுப்பில் வைக்கும்போதே, "மாமி, எனக்குச் சீனி அரைக்கரண்டி போதும்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறை சொன்னபின் அவர்களே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

தேநீரைச் சோற்றுடனோ சாப்பிட்ட உடனேயோ குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. கர்ப்பிணிகளும் இரத்தச்சோகை உள்ளவர்களும் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: உப்புப் பைக்கற்றுக்கும் அதே கணக்கு

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது. நால்வருக்கு 20 கிராம் என்றால், 400 கிராம் உப்புப் பைக்கற் ஒன்று குறைந்தது 20 நாட்களுக்கு வர வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், பாண் ஆகியவற்றில் உள்ள உப்பு இதற்குப் புறம்பானது என்பதால், 25 நாட்கள் வந்தால் இன்னும் நல்லது. கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமைப்பதற்கு முன்னர் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புச் சேர்க்காமல் விடுங்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் குழைக்கும் மாவில் உப்பைப் பாதியாக்கினால், சம்பலும் சொதியும் சேரும்போது வித்தியாசமே தெரிவதில்லை.

நான்காம் படி: பீங்கானில் பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்

நாங்கள் பீங்கானின் நடுவே முதலில் சோற்றைக் குவித்து, பின்னர் அதன் ஓரங்களில் இடம் இருக்கும் அளவுக்குக் கறிகளை வைக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே இந்தப் படி. முதலில் பீங்கானின் பாதியை மரக்கறியாலும் கீரையாலும் நிரப்புங்கள். மீதிப் பாதியில் ஒரு பங்கு மீனுக்கோ பருப்புக்கோ முட்டைக்கோ உரியது. எஞ்சிய கால்வாசி இடத்தில் மட்டும் சோற்றை வைத்து, அதைக் குவிக்காமல் பரப்புங்கள். பசி அடங்காவிட்டால் இரண்டாம் முறை கறியையே முதலில் கேளுங்கள்.

இதற்கு வேண்டியவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேலியோரத்து முருங்கையில் இலை கிடைக்கிறது. வல்லாரையும் பொன்னாங்காணியும் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கின்றன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கத்தரியும் பயற்றங்காயும் வெண்டியும் வருகின்றன. கீரைச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து, இறக்கிய பின்னர் தேசிக்காய் பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடலில் சேர உதவும். கறிக்கு முதற்பாலை நிறைய விடாமல் கப்பிப்பாலில் வேகவைத்து, இறக்கும்போது மட்டும் சிறிது முதற்பால் சேர்க்கலாம். மீன் வாங்கும்போது பெரிய மீனே சத்தானது என்று எண்ண வேண்டாம். விலை குறைந்த கீரியும் சூடையும் இருதயத்துக்கு நல்ல கொழுப்பை உடையவை. அவற்றைப் பொரிக்காமல் புளி விட்டுக் கறியாக்குங்கள்.

தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிட, தவிடு நீங்காத சிவப்பரிசி மெதுவாகச் செரிக்கிறது. ஆனால் சிவப்பரிசி என்பதற்காக இரண்டு பங்கு உண்டால் அந்த நன்மை போய்விடும். எங்கள் ஊர்ச் சட்டித் தயிர் எருமைப்பாலில் ஆனது என்பதால் கொழுப்பு மிகுந்தது. சிறிய கிண்ணம் ஒன்றுடன் நிறுத்திக்கொண்டு, பாணிக்குப் பதிலாக ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து உண்ணுங்கள்.

ஐந்தாம் படி: வெயிலுக்கு முந்திய நடை

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் நடந்தால் அது நிறைவேறும். முதற் கிழமையில் 10 நிமிடம் மட்டும் நடந்து, கிழமைக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம்கொடுக்கக் கூடாது. அதுவே சரியான வேகம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை 7 மணிக்கு முன்னரோ மாலை 5 மணிக்குப் பின்னரோ நடப்பதே பாதுகாப்பானது. நான் 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தின் வழியே நடக்கிறேன். வாவிக் காற்றில் அரை மணித்தியாலம் போவது தெரிவதில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. உட்பகுதியில் இருப்பவர்களுக்குக் குளக்கட்டு இருக்கிறது.

விவசாயிகள் தமக்கு நடை தேவையில்லை என்று சொல்வார்கள். நாற்று நட்டும், கையால் அரிவு வெட்டியும், சூடடித்தும் வேலை செய்த காலத்தில் அது சரியாக இருந்தது. இன்று உழவும் அறுவடையும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டன. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் உடல் பெரிதும் அசைவதில்லை, சோற்றின் அளவோ பழையபடியே இருக்கிறது.

ஆறாம் படி: வெற்றிலைத் தட்டம்

இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. திருமண அழைப்பு முதல் செத்தவீடு வரை வெற்றிலை இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடப்பதில்லை. ஆனால் புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. புகையிலையை மட்டும் நீக்கிவிட்டுப் பாக்கைத் தொடர்வது போதாது. மரியாதைக்காகத் தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாய்க்கு ஒரு கராம்பையோ சிறிது பெருஞ்சீரகத்தையோ போடுங்கள்.

நீண்டகாலமாக வெற்றிலை போடுபவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடியின் முன் நின்று வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடியவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம் தெரிந்தாலோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, நோ இல்லாவிட்டாலும் அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.

ஏழாம் படி: தண்ணீரும் உறக்கமும்

தாகம் எடுக்கும் வரை காத்திராமல், எழுந்தவுடன் இரண்டு குவளை, வெளியே புறப்படும்போது ஒன்று என்று தண்ணீரை நேரத்துடன் இணையுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதும். சிறுநீரக அல்லது இருதய நோயாளர்கள் வைத்தியர் சொன்ன அளவையே குடிக்க வேண்டும். உறக்கத்துக்கு 7 மணித்தியாலம் தேவை. கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். பல நாட்களாக உறக்கம் வராமல் மனம் பாரமாக இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் இலவசமாகப் பேசலாம்.

எட்டாம் படி: நூலால் அளந்து, பரிசோதனைக்குச் செல்லுங்கள்

ஒரு நூலில் பெண்கள் 80 சென்ரிமீற்றரிலும் ஆண்கள் 90 சென்ரிமீற்றரிலும் முடிச்சிடுங்கள். மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அதைச் சுற்றிப் பாருங்கள். நூலின் முனையும் முடிச்சும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால், உங்கள் நிறை எதுவாக இருந்தாலும் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வாய்ப்பு அதிகம்.

35 வயதைக் கடந்தவர்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் குருதி அமுக்கத்தையும் குருதிச் சீனியையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியுங்கள். முதல் நாள் இரவு உணவை நேரத்துடன் முடித்து, காலையில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துச் செல்லுங்கள். குருதி அமுக்கம் பார்ப்பதற்கு முன்னர் ஐந்து நிமிடமாவது பேசாமல் அமர்ந்திருங்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கையோடு பார்த்தால் அளவு கூடிக் காட்டும். பெறுபேற்றுத் துண்டை வீட்டுக்கு வந்ததும் அந்த நூலுடன் சேர்த்து ஒரு கடித உறையில் போட்டு, மூன்று மாதத்துக்குப் பிந்திய ஒரு திகதியை உறையின் மேல் எழுதிச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தத் திகதியில் அதே நூலை மீண்டும் சுற்றிப் பாருங்கள்.