மைனஸ் குளிர்ல ஃபுட்பால் ஆடப் போற தம்பிங்களுக்கு

எங்க தளி பக்கம் மார்கழி, தை ரெண்டு மாசமும் காலைல 6 மணிக்கு கிரவுண்டுக்குப் போனா இந்தக் கோல் போஸ்ட்ல நின்னு பாத்தா அந்தக் கோல் போஸ்ட் தெரியாது, பனி அப்படி இறங்கியிருக்கும். பசங்க ரெண்டு கையையும் ஜெர்சிக்குள்ள இழுத்து வச்சிக்கிட்டு ஒடுங்கிப் போய் நிப்பானுங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் 11, 12 டிகிரிக்கு வந்துடும், தர்மபுரி பக்கம் வத்தல்மலை மேல போனா அங்கயும் அதே கதை. நமக்கு இதுவே பெரிய குளிரு. ஆனா நான் ஆர்மில இருந்தப்போ லடாக்ல லே பக்கம் ரெண்டு விண்டர் இருந்தேன், மைனஸ் 15ல யூனிட் மேட்ச் ஆடியிருக்கேன். இப்போ நம்ம கிரவுண்டு பையன் ஒருத்தன் ஸ்ரீநகருக்குப் போறான், இன்னொருத்தன் கனடாவுக்குப் படிக்கப் போயிட்டான், ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி, "அண்ணா அங்க எப்படிண்ணா ஆடுறது?" ஒவ்வொருத்தனுக்கா ஃபோன்ல சொல்றதுக்கு இங்க மொத்தமா எழுதிடறேன், மத்த பசங்களுக்கும் ஆகும்.

முதல்ல மண்டைல ஏத்திக்க வேண்டியது ஒன்னுதான். ஓடும்போது குளிர் உங்கள ஒன்னும் பண்ணாது, நிக்கும்போதுதான் பிடிக்கும். ஓடுறப்போ உடம்பே அடுப்பு மாதிரி எரியும், வேர்க்கும், ஜெர்சி நனையும். ரெஃப்ரி விசில் அடிச்சி நின்ன உடனே அந்த ஈரம் உடம்புல இருக்கிற சூட்ட உறிஞ்ச ஆரம்பிக்கும். காத்த விட தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா சூட்ட இழுக்கும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, அதுல பொய்யே இல்ல. அதனால நான் கீழ சொல்ற எல்லாமே வேர்வையையும் நிக்கிற நேரத்தையும் வச்சிதான்.

டிரஸ்ஸுல ஆரம்பிக்கலாம். நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு காட்டன் பனியன். அது தண்ணிய குடிச்சிக்கிட்டு முதுகோட ஒட்டிக்கும், காயவே காயாது. உள்ள உடம்போட ஒட்டுன மாதிரி பாலியஸ்டர் ஃபுல் ஹேண்ட் டீ ஷர்ட் போடுங்க, திருப்பூர் சரக்கு 200, 300 ரூபாய்க்கே நல்லதா கிடைக்குது, பெரிய பிராண்டுதான் வேணும்னு இல்ல. அதுக்கு மேல ஜெர்சி. காத்து அடிச்சா வார்ம் அப்புக்கு மட்டும் மேல ஒரு மெல்லிசு ஜாக்கெட். நாலு ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு இறங்காதீங்க, பத்து நிமிஷத்துல வேர்த்துக் கொட்டி நீங்களே கழட்டி எறிவீங்க, அப்புறம் நனைஞ்ச உடம்போட காத்துல நிக்கணும். ஆரம்பிக்கிறப்போ லேசா குளிரணும், அதுதான் சரியான அளவு.

கால்ல டைட்ஸ் போடலாம், ஆனா மேட்ச்னா ஷார்ட்ஸ் என்ன கலரோ அதே கலர்ல இருக்கணும், டீம்ல போடுறவங்க எல்லாரும் ஒரே கலர் போடணும், ரூல்லயே இருக்கு, கருப்புதான் வீட்ல இருக்குதுன்னு போட்டுட்டுப் போனா ரெஃப்ரி வெளிய அனுப்பிடுவாரு. கிளவுஸ் எல்லா ப்ளேயரும் போடலாம். கழுத்துல சுத்துற ஸ்னூட் மட்டும் மேட்ச்ல கூடாது, 2011லயே தடை பண்ணிட்டாங்க, பிராக்டிஸ்ல தாராளமா போட்டுக்கோங்க. சாக்ஸ் விஷயத்துல ஒன்னு, ரெண்டு மூணு சாக்ஸ திணிச்சி ஷூவ டைட்டா கட்டினா ரத்த ஓட்டம் நின்னு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். உள்ள ஒரு மெல்லிசு சாக்ஸ், மேல ஸ்டாக்கிங்ஸ், ஷூக்குள்ள விரல ஆட்ட இடம் இருக்கணும், அவ்வளவுதான்.

ஷூ பத்தி சொல்லணும்னா, உறைஞ்சி போன தரை சிமெண்ட் ரோடு மாதிரி இருக்கும். நீளமான ஸ்டட் உள்ள இறங்காது, மேலயே நின்னு வழுக்கும், கணுக்கால் போயிடும். அடில சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூதான் அங்க ஆகும். ஸ்ரீநகர்ல ரியல் காஷ்மீர் டீம் ஐ-லீக் மேட்ச் ஆடின டிஆர்சி கிரவுண்டு செயற்கைப் புல்லுதான், அந்த மாதிரி இடத்துக்கும் இதே ஷூ ஒத்து வரும்.

இப்போ பால். இத யாரும் யோசிக்கிறதே இல்ல. குளிர்ல உள்ள இருக்கிற காத்து சுருங்கும். ரூம்ல 25 டிகிரில 0.8 பார் பிரஷர் வச்சி நல்லா கல்லு மாதிரி இருக்குன்னு எடுத்துட்டுப் போறீங்க, வெளிய மைனஸ் 15ல கொஞ்ச நேரம் கிடந்தா அதே பால் கிட்டத்தட்ட 0.56க்கு இறங்கிடும். ரூல் படி 0.6ல இருந்து 1.1 வரைக்கும் இருக்கணும், அப்போ உங்க பால் ரூலுக்கே கீழ போயிடுச்சி, ஒரு ஓட்டையும் இல்லாமலே. அதனால பம்பையும் ஊசியையும் கிரவுண்டுக்கே எடுத்துட்டுப் போங்க, பால அரை மணி நேரம் வெளிய போட்டு வச்சி அப்புறம் காத்து ஏத்துங்க. ஊசிய பாக்கெட்ல வச்சி சூடு பண்ணி எச்சி தொட்டு மெதுவா சொருகுங்க, குளிர்ல வால்வு ரப்பர் விறைச்சி இருக்கும், அவசரமா குத்தினா பிளாடர் போச்சி. காத்து சரியா இருந்தாலும் மேல தோல் விறைச்சி கெட்டியாதான் இருக்கும், பவுன்ஸ் கம்மியா வரும், அதனால லாங் பாஸ் குறைச்சிட்டு கால்லயே ஆடுங்க. ஹெட்டிங் பிராக்டிஸ் அன்னைக்கு வேண்டாம், வலி தாங்காது. பனி விழுந்து தரை வெள்ளையா இருந்தா வெள்ளை பால் கண்ணுக்கே தெரியாது, ஆரஞ்சு பால் வாங்கி வச்சிக்கோங்க.

வார்ம் அப்ப இங்க 10 நிமிஷத்துல முடிக்கிறோம், அங்க 20, 25 நிமிஷம் வேணும். வெளிய போறதுக்கு முன்னாடி ரூமுக்குள்ளயே பாதிய முடிச்சிடுங்க, குதிங்க, முட்டி தூக்கி ஓடுங்க, காலை முன்னாடி பின்னாடி வீசுங்க. உக்காந்துக்கிட்டு கால நீட்டி இழுக்கிற ஸ்ட்ரெச்சிங் ஆரம்பத்துல வேண்டாம், விறைச்ச தசைய இழுத்தா தொடைக்குப் பின்னாடி ஹாம்ஸ்ட்ரிங் கிழியும். முழு வேகத்துல ஓடுறதும் ஃபுல் பவர்ல ஷாட் அடிக்கிறதும் கடைசி அஞ்சி நிமிஷத்துலதான். வலிக்குத் தடவுற ஆயின்மென்ட்ட தேச்சிக்கிட்டு வார்ம் அப் ஆயிடுச்சின்னு சில பேர் நினைக்கிறாங்க, அது தோல்லதான் எரியுது, உள்ள தசை அப்படியே குளிர்ந்துதான் இருக்கு.

மூச்சு. வறண்ட குளிர்காத்த வாயால இழுத்து இழுத்து ஓடினா நெஞ்சு எரியும், இருமல் வரும், முதல் பத்து நிமிஷம் மூக்கால இழுக்கப் பாருங்க. வீசிங் இருக்கிற பசங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆடுறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே இன்ஹேலர் எடுத்துக்கணும், இத வெக்கப்பட்டு மறைக்காதீங்க கண்ணு, கோச் கிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க. லே மாதிரி 11,500 அடி உயரத்துக்குப் போறவங்களுக்கு குளிரோட காத்தும் கம்மி, போன முதல் ரெண்டு நாள் பால தொடவே கூடாது, எங்களையே ஆறு நாள் பழக்கிட்டுதான் வேலைக்கு விட்டாங்க.

இனிமே சொல்றதுதான் முக்கியம், கோல் கீப்பரும், வெளிய உக்காந்திருக்கிற எக்ஸ்ட்ரா ப்ளேயரும். டீம்லயே அதிகமா கஷ்டப்படுறது இவங்கதான், ஏன்னா இவங்க நிக்கிறவங்க. நான் இதுல அடிபட்டவன். ஒரு மேட்ச்ல என்னை எக்ஸ்ட்ரால வச்சிருந்தாங்க, நான் வார்ம் அப்ல நல்லா வேர்த்துட்டு, ஈர கிளவுஸோட லைனுக்கு வெளிய 40 நிமிஷம் போல நின்னேன். முதல்ல விரல் வலிச்சிது, அப்புறம் வலியே இல்ல, சரி பழகிடுச்சின்னு நினைச்சேன். கிளவுஸ கழட்டினா நடுவிரலும் மோதிர விரலும் நுனி மெழுகுவத்தி மாதிரி வெள்ளையா இருக்கு, தட்டிப் பாத்தா மரக்கட்டை. ஓடிப்போய் டென்ட்ல புகாரி அடுப்புல கைய நீட்டினேன், அதான் அடுத்த தப்பு. மரத்துப் போன விரலுக்கு சூடு தெரியல, மறுநாள் ரெண்டு விரல்லயும் பெரிய பெரிய கொப்புளம். இன்னைக்கும் மார்கழி வந்தா அந்த ரெண்டு விரல் நுனியும் மத்த விரலுக்கு முன்னாடி குத்த ஆரம்பிச்சிடும்.

வலி நின்னு போறதுதான் ஆபத்து, நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க. விரல், மூக்கு நுனி, காது மடல் வெளுத்து மரத்துப் போனா உடனே உள்ள போயிடணும். தேய்க்கக் கூடாது, நெருப்புல காட்டக் கூடாது, பனிய வச்சி உரசக் கூடாது. குழந்தைக்கு குளிக்க ஊத்துற தண்ணி சூடு இருக்குமே, 37ல இருந்து 39 டிகிரி, அந்தத் தண்ணில அரை மணி நேரம் முக்கி வைக்கணும், முழங்கைய விட்டு சூடு பாத்துட்டு வைங்க. அப்புறம் ஆஸ்பத்திரி. அன்னைக்கு மறுபடி வெளிய போகவே கூடாது, கரைஞ்சது திரும்ப உறைஞ்சா விரலே போயிடும். மூஞ்சில வாஸ்லின் பூசினா தோல் வெடிக்காது, அவ்வளவுதான், உறையறத அது தடுக்காது. ரம்ம ரெண்டு மூடி போட்டா சூடாகும்னு சீனியர் எவனாவது சொன்னா கேக்காதீங்க, தோல்ல சூடு தெரியும், உள்ளுக்குள்ள உடம்பு இன்னும் வேகமா குளிரும்.

அதனால எக்ஸ்ட்ரா பசங்க கம்பளிய போத்திக்கிட்டு, குல்லா போட்டு உக்காரணும், அஞ்சி நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓடணும். கீப்பர் பால் அந்தப் பக்கம் இருக்கும்போது பாக்ஸுக்குள்ளயே குதிச்சிக்கிட்டே இருக்கணும், ரெண்டாவது ஜோடி கிளவுஸ் காஞ்சதா பைக்குள்ள இருக்கணும். கூட ஆடுறவன் பேச்சு குழறினாலோ, காரணமே இல்லாம தடுமாறினாலோ, நடுங்கிட்டிருந்தவன் திடீர்னு நடுங்கறத நிறுத்திட்டாலோ அவன் உடம்பு உள்ள குளிர்ந்து போச்சின்னு அர்த்தம், ஆட்டத்த நிறுத்தி அவன உள்ள தூக்கிட்டுப் போங்க, ஸ்கோர் எல்லாம் அப்புறம்.

இது சின்னப் பசங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. 2022 பிப்ரவரி 2ம் தேதி அமெரிக்கால செயின்ட் பால் ஊர்ல அமெரிக்காவும் ஹோண்டுராஸும் வேர்ல்ட் கப் தகுதி மேட்ச் ஆடினாங்க, மைனஸ் 16 டிகிரி. ஹோண்டுராஸ் நம்மள மாதிரி வெயில் நாடு. குளிர் தாங்காம அவங்க கீப்பரே ஹாஃப் டைமுக்கு அப்புறம் இறங்கல, 3-0 தோத்தாங்க. நேஷனல் டீம் கீப்பருக்கே அந்த நிலைமைன்னா பாத்துக்கோங்க. காத்தோட சேத்து மைனஸ் 28க்கு கீழ போனா திறந்து கிடக்கிற தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சிடும். என்னைக் கேட்டா பசங்கள மைனஸ் 15க்கு கீழ மைதானத்துல இறக்கவே கூடாது, ஃபுட்சால்னு ஹாலுக்குள்ள ஆடுற ஃபுட்பால் இருக்கு, அத ஆடட்டும். ஃபோன்ல டிகிரிய மட்டும் பாக்காம, ஃபீல்ஸ் லைக்னு பக்கத்துல போட்டிருப்பான், அதப் பாருங்க.

சாப்பாடு. குளிர்ல தாகம் தெரியாது, ஆனா ஒன்னுக்கு அடிக்கடி வரும், மூச்சுலயும் தண்ணி போகும், அதனால தாகம் இல்லன்னாலும் வெதுவெதுப்பா குடிச்சிக்கிட்டே இருங்க. நம்ம ஊர் பசங்க பையில ராகி மாவும் கொள்ளுப் பொடியும் எடுத்துட்டுப் போங்க, மேட்சுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி சூடா ராகிக் கஞ்சி, ஹாஃப் டைம்ல பிளாஸ்க்ல கொள்ளு ரசம், இத விட நல்லது எனக்குத் தெரியல. ஹாஃப் டைம்ல ரசத்துக்கு முன்னாடி முதல் வேலை உள் டீ ஷர்ட்ட மாத்துறது. ரெண்டு செட் எடுத்துட்டுப் போங்க, ஈரத்த கழட்டி, துண்டுல துடைச்சி, காஞ்சத போட்டுட்டு அப்புறம் கோச் பேசுறத கேளுங்க. மேட்ச் முடிஞ்சதும் இதேதான், ஃபோட்டோ, கைகுலுக்கல் எல்லாம் டிரஸ் மாத்தின பிறகு.

ரூமுக்கு வந்தா ஷூவ ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, பசை விட்டு சோல் வாய் பொளந்துடும், உள்ள பழைய பேப்பர கசக்கித் திணிச்சி வைங்க, ராத்திரி ஒரு தடவை பேப்பர மாத்துங்க, காலைல காஞ்சிருக்கும். பால உள்ள கொண்டு வந்தா சூட்டுக்கு மறுபடி உப்பும், தையல் இழுக்கும், கொஞ்சம் காத்த இறக்கி வச்சிட்டு அடுத்த நாள் கிரவுண்டுல ஏத்திக்கோங்க.