ஜப்பானிய ஓவியத்தில் இருக்கும் சீனக் கவிஞர் யார்? அடையாளம் காணும் வழி

ஜப்பானிய ஓவியங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களை ஒரு பெரியவர் குழப்புவார். தொளதொள அங்கி, தாடி, பின்னால் மலை, பக்கத்தில் ஒரு சிறுவன். பல நேரங்களில் அவர் ஜப்பானியரே அல்ல, சீனக் கவிஞர். முரோமாச்சி காலத்தில் (1336–1573) ஜென் மடத் துறவிகள் சீனக் கவிதையில் ஊறியிருந்தார்கள். கவிதையோடு கவிஞர்களும் ஓவியத்துக்குள் வந்து, எடோ காலத்திலும் (1603–1868) தங்கிவிட்டார்கள்.

படி 1: முகத்தை விடுங்கள். வரைந்தவர்கள் யாரும் இவர்களை நேரில் கண்டதில்லை. அந்த மனிதர் எதன்மேல் உயிராக இருந்தார் என்பதைத்தான் வரைந்தார்கள். அதைத் தேடுங்கள்.

படி 2: பூவைப் பாருங்கள். சாமந்தி இருந்தால் தாவோ யுவான்மிங் (365–427). அரசுப் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டு முன் ஐந்து வில்லோ மரங்கள் உண்டு என்பதால் வில்லோவும் அவருடைய அடையாளம். தாமரை என்றால் தத்துவ அறிஞர் ஜோ துன்யி (1017–1073). சேற்றில் முளைத்தும் கறைபடாத பூ என்று தாமரையைப் புகழ்ந்து எழுதியவர். ஜப்பானிய அருங்காட்சியகக் குறிப்புகளில் முன்னவர் தோ என்மெய், பின்னவர் ஷூ மோஷுகு.

பூத்த பிளம் மரத்தடியில் ஒருவர் இருந்தால் லின் பு (967–1028), ஜப்பானியருக்கு ரின் நாசெய். எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான். ஹாங்ஜோ நகரின் மேற்கு ஏரியில் ஒரு தீவில் தனியாக வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை; பிளம் மரமே மனைவி, கொக்குகளே பிள்ளைகள் என்பார்கள். அவர் படகில் போயிருக்கும்போது விருந்தினர் வந்தால், வேலைக்காரச் சிறுவன் கொக்குகளைத் திறந்துவிடுவானாம். வானத்தில் கொக்கைக் கண்டதும் படகைத் திருப்புவாராம். ஆகவே பிளம் பூவோடு கொக்கும் இருந்தால் தயங்கவே வேண்டாம்.

படி 3: கூட்டமா, தனியாளா? வளைந்தோடும் நீரோடையின் இரு கரையிலும் அறிஞர்கள் உட்கார்ந்திருக்க, மதுக் கிண்ணங்கள் மிதந்து வந்தால் அது 353ஆம் ஆண்டு சீனாவின் ஆர்கிட் மண்டபத்தில் நடந்த கவிதை விருந்து. 42 பேர் கூடினார்கள் என்பது மரபு. கவிதை எழுத முடியாதவர்களுக்குத் தண்டனையும் மதுதான். மண்டபத்துக்குள் மேசை முன் இருப்பவர் எழுத்துக்கலை மேதை வாங் ஷீஜி, ஜப்பானில் ஓ கிஷி. அருகே நீண்ட கழுத்து வாத்துகள் நீந்தினால் உறுதி: வாத்துக்காகத் தன் கையெழுத்தையே விலையாகக் கொடுத்தவர் அவர். ஜப்பானிய ஓவியர்கள் கானோ சான்செட்சு, இகே தைகா இருவரும் இந்த விருந்தை மடிப்புத் திரைகளில் வரைந்திருக்கிறார்கள்.

படி 4: கழுதை வந்தால் நிதானியுங்கள். தூ ஃபூ, மெங் ஹாவ்ரான், சூ ஷி மூவரையுமே கழுதைமேல் வரைவார்கள். பனி கொட்டினால் மெங் ஹாவ்ரானாக இருக்கலாம். அகன்ற மழைத் தொப்பியும் மரக் காலணியும் அணிந்து நடந்து வருபவர் சூ ஷி. நாடுகடத்தப்பட்ட இடத்தில் மழையில் சிக்கி, அவற்றைக் கிராமத்தாரிடம் இரவல் வாங்கிய கதை அது. அருவியை அண்ணாந்து பார்த்தபடி நிற்பவர் பெரும்பாலும் லி பாய்.

படி 5: பழகிப் பாருங்கள். கானோ மாசனோபுவின் ஓவியம் ஒன்று கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். பெரிய வில்லோ மரம், அதன் கீழ் படகில் ஒருவர். வில்லோவைப் பார்த்ததும் தாவோ யுவான்மிங் என்று சொல்லத் தோன்றும். கண்ணைத் தண்ணீருக்கு இறக்குங்கள். படகைச் சுற்றித் தாமரை இலைகள். படகில் இருப்பவர் ஜோ துன்யி.