ஒரே கேள்வியால் கோத்த குழு உரை
வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவத்தை அறிவித்த 1953ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழ்க் கட்டுரையை எங்கள் குழு வகுப்பில் விளக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்துக்கொண்டதால், ஒத்திகையில் ஒருவர் முடித்த இடத்துக்கும் அடுத்தவர் தொடங்கிய இடத்துக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. எனவே அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, கட்டுரையிலுள்ள இரட்டைச் சுருள் படத்தை மட்டும் திரையில் வைத்து, 'இவ்விரு இழைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது?' என்ற கேள்விக்கு அனைவரும் விடை தேடினோம். இழைகளில் வரிசையாக அமைந்த காரங்கள் எனப்படும் வேதிக் கூறுகளில் அடினின் தைமினுடனும் குவானின் சைட்டோசினுடனும் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைவதை ஒருவரும், அதனால் ஓர் இழையின் வரிசை தெரிந்தாலே மற்றதன் வரிசையும் தெரிந்துவிடும் என்பதை அடுத்தவரும் சொன்னபோது, உரை தானாகவே கோவையாக அமைந்தது. ரோசலிண்ட் பிராங்க்ளினும் கோஸ்லிங்கும் அதே இதழில் வெளியிட்ட, இவ்வடிவத்துக்குச் சான்றான டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர்ப் படத்தை விளக்கும் பகுதியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை விட்டுவிட்டு இக்கண்டுபிடிப்பைப் பேசுவது நியாயமாகாது.